நனையாதோர் கழகம்

கூம் ஆவெல் மலைச் சைக்கிள் கழகத்தில் பதினோரு குளிர்காலமாக ஒருவர்கூட நனைந்ததில்லை. வாய்ப்பேச்சு அல்ல, கழகக் கூடத்து வாசலில் தங்க எழுத்தில் பலகையே மாட்டியிருக்கிறது. வேல்ஸின் அந்த மூலையில் அக்டோபரில் பிடிக்கிற மழை ஏப்ரலில்தான் மூச்சு வாங்கும். ஆடுகளே சலித்துப்போய்ச் சுவரோரம் நிற்கும். அப்பேர்ப்பட்ட ஊரில், அதுவும் சேற்றில் சைக்கிள் விடுவதற்கென்றே ஆரம்பித்த ஒரு கழகத்தில், ஒருவர்கூட நனையவில்லை என்றால் சும்மாவா? வருடா வருடம் அதற்காக விருந்து வைத்துக் கொண்டாடினார்கள்.

அந்தச் சாதனைக்குப் பங்கம் வந்தது மெய்ரிக்கால்.

மெய்ரிக் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவன். நாற்பதைத் தாண்டியவன். எங்கே போனாலும் வயிறு முன்னே போகும், ஆள் பின்னே வருவான். ஊர் வம்பு எதிலும் தலையிடாத பிராணி. இவன் நெஸ்டாவின் மேல் ஆசைப்பட்டுவிட்டான். வினை அங்கே ஆரம்பித்தது.

நெஸ்டா இரண்டு வருடத்துக்கு முன் மலைக்கணவாயில் தேநீர்க் கடை போட்டவள். ஒரு காலத்தில் கற்பலகைச் சுரங்கத்து ஆட்கள் மதியச் சாப்பாடு சாப்பிட்ட கல் குடிசை அது. உள்ளே ஓர் இரும்பு அடுப்பு. அதன்மேல் எந்நேரமும் ஆட்டுக்கறி சூப் கொதித்துக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் மலையேறி வருகிற சைக்கிள்காரர்களை நம்பித்தான் கடை. வாரம் ஒருமுறை காட்டிலாகா சாலை வழியாகச் சந்தைக்கு இறங்கி வந்து சூப்புக்கு வெங்காயத்தாள் வாங்குவாள். அவளருகே நிற்பதற்காக மெய்ரிக்கும் வெங்காயத்தாள் வாங்குவான்.

"என்னய்யா, வாராவாரம் கட்டுக்கட்டா வாங்குற? வீட்ல முயல் வளக்குறியா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"முயலெல்லாம் இல்ல. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லணும்னா மேல வந்து சொல்லு. கார்ல வராத. கார்ல வர்றவன் ஜன்னலோரம் உக்காந்து, மலை அழகா இருக்குன்னுட்டுப் போயிடுவான். எனக்குப் பசியோட வர்ற ஆள்தான் வேணும். சைக்கிள்ல வா, மழையில வா, டுவின்வென் நாளைக்கு வா."

டுவின்வென் நாள் ஜனவரியின் கடைசி வாரத்தில் வரும். காதலர்களைக் காக்கிற புனிதவதியின் நாள். தன் கையால் செதுக்கிய மரக்கரண்டியை ஆண்பிள்ளை நீட்டுவான். அவள் வாங்கிக்கொண்டால் மேற்கொண்டு பேச்சே தேவையில்லை. மெய்ரிக்குக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"அன்னைக்கு வர முடியலைன்னா?"

"கடையைச் சாத்திட்டு கார்டிஃப்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். போன குளிர்காலம் பூரா ஒரு பய எட்டிப் பாக்கலை. அதுக்கு முந்தின வருஷமும் அப்படித்தான். என் சூப்புல என்ன குறைன்னே தெரியலை." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை. பிறகு அவன் வயிற்றைப் பார்த்தாள், கொஞ்சம் இரங்கினாள். "இங்க பாரு, கிளம்பும்போது உனக்குக் குளிரணும். குளிரலைன்னா நிறையப் போட்டிருக்கேன்னு அர்த்தம். காய்ஞ்ச கம்பளிச் சட்டை ஒண்ணைப் பையில சுத்தி வச்சுக்க. வேற ஒண்ணும் வேணாம்."

அந்த வாரமே மெய்ரிக் மாமன் கொடுத்த பழைய மலைச் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டு ஒத்திகைக்குக் கிளம்பினான். மலைப்பாதையின் தொடக்கத்தில் ஒரு கேட். அதில் பூட்டு. பூட்டுக்கு மேலே பலகை: 'குளிர்கால உடைச் சான்றிதழ் இல்லாதோர் உள்ளே செல்லத் தடை. சாவி கழகக் கூடத்தில்.'

கழகக் கூடம் முன்னொரு காலத்தில் சிற்றாலயமாக இருந்தது. ஆலயமாக இருந்தபோது எரியாத சூடேற்றி இப்போது சிவக்கச் சிவக்க எரிந்தது. ஆலயத்து நீள இருக்கைகளில் உடைக் குழுவினர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எலுமிச்சை மஞ்சள், கிளிப்பச்சை, ஊதா என்று விலையுயர்ந்த மழைக்கோட்டுகள். எதிலும் ஒரு பொட்டுச் சேறு கிடையாது. பிரசங்க மேடையில் தலைவர் இஸ்லுவின் நின்றார். காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பியே ஓய்வுபெற்றவர்.

"வாங்க தம்பி. அங்கேயே நில்லுங்க, அசையாதீங்க. டெலித், அவர் சட்டையைத் தொட்டுப் பாரும்மா."

செயலாளர் டெலித் விரல் நுனியால் தொட்டாள். முகம் வெளுத்தது. அருகிலிருந்த இருக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தலைவரே... பருத்தி."

கூடம் முழுவதும் ஒரு பெருமூச்சு ஓடியது.

"பருத்தி நனைஞ்சா காயாது. உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். மலையில அது மரணம்!" என்றான் ஏரோன். உடை நிபுணன் என்று அவன் சட்டையிலேயே தைத்திருந்தது.

"தெரியுங்க. மலைக்கு இதைப் போட மாட்டேன். இங்க கூடத்துக்குத்தானே வந்தேன்."

"இன்னைக்குக் கூடம், நாளைக்கு மலை. எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க," என்று தலைவர் வருத்தத்தோடு சொன்னார். "உள்ளாடை என்ன துணி?"

மெய்ரிக்குக்குக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிற வியாதி உண்டு. "அதுவும் பருத்திதாங்க."

குழு அவசரமாக உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. வெகுநேரம் விவாதம் நடந்தது. இடையிடையே கேக் வெட்டுகிற சத்தமும் கேட்டது. கடைசியில் அவனைப் புதிய உடைகளோடு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

அடுத்த வாரம்தான் அவனுக்குக் கழகத்தின் உட்பிரிவு தெரிந்தது. அந்தப் பக்கத்து ஊர்களில் ஓர் ஆலயம் இருந்தால், சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் கட்டிய இன்னொன்று எதிரிலேயே இருக்கும். கழகமும் அந்த மரபைக் கைவிடவில்லை. நடைபாதைக்கு இடப்பக்கம் கம்பளிக் கட்சி, தலைமை ஏரோன். வலப்பக்கம் செயற்கை இழைக் கட்சி, தலைமை டெலித். இரண்டுக்கும் தனித்தனித் தேநீர்ப் பாத்திரம்.

"கம்பளி நனைஞ்சாலும் சூடு கொடுக்கும். மழையில நிக்கிற ஆட்டுக்கு ஜலதோஷம் பிடிச்சு யாராவது பாத்திருக்கீங்களா?" என்று ஏரோன் எழுந்தான்.

"ஆடு சைக்கிள் ஓட்டுமா? வேர்த்தா கம்பளி கனக்கும். என் இழை நிமிஷத்துல காஞ்சிடும்."

"காஞ்சிடும், ஆனா நாறும்!"

"யாருய்யா நாறுது? இந்தப் பக்கம் வந்து சொல்லு!"

தலைவர் மேடையைத் தட்டிச் சமரசம் செய்தார். மெய்ரிக் மேலே கம்பளியும் கீழே செயற்கை இழையும் அணியலாம். எல்லைக்கோடு தொப்புள். இரு தரப்பும் ஒப்புக்கொண்டு கைகுலுக்கும் நேரத்தில் மெய்ரிக் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான்.

"ஐயா, சைக்கிள்ல உக்காந்தா என் தொப்புள் ரொம்பக் கீழ போயிடுதுங்க."

மறுபடி சண்டை. உட்கார்ந்த தொப்புளா, நின்ற தொப்புளா என்று முடிவெடுக்க முடியாமல் கூட்டம் கலைந்தது. அடுத்த கூட்டத்தில் இரண்டையும் எல்லா இடத்திலும் போட்டுவிடுவது என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களிக்க மெய்ரிக்குக்கு உரிமை இல்லையாம்.

இப்படியாக அடுக்குகள் சேர்ந்தன. தோலை ஒட்டிக் கம்பளி. அதன்மேல் செயற்கை இழை. அதன்மேல் மறுபடி கம்பளி, ஏனென்றால் ஏரோன் அழுதுவிட்டான். பிறகு பஞ்சு வைத்த கையில்லாத சட்டை, காற்றைத் தடுக்கும் சட்டை, மழைக்கோட்டு. அந்த மழைக்கோட்டு நனைந்துவிடாமலிருக்க அதன்மேல் ஒரு மழைக்கோட்டு. பையில் காய்ந்த சட்டை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். பையில் இருப்பது உடை ஆகாது, சுமை என்றார்கள்.

அதன்பின் நீர்ச் சோதனை. மேடையடியில் ஒரு சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி மெய்ரிக்கை ஏழு அடுக்கோடு ஏற்றினார்கள். தலைவர் மேடைமேல் நின்று தோட்டத்துப் பூவாளியால் அவன் தலையில் நீர் வார்த்தார். ஞானஸ்நானம் போலிருந்தது. மெய்ரிக் உயிரைக் கொடுத்து மிதித்தான். சூடேற்றி ஒரு பக்கம், ஏழு அடுக்கு ஒரு பக்கம். முகம் பீட்ரூட் ஆயிற்று. இறக்கி உரித்துப் பார்த்தபோது மழைக்கோட்டின் உட்புறம் சொட்டியது.

"நனைஞ்சிருக்கு," என்றாள் டெலித் துக்கத்தோடு.

"அது வேர்வைங்க."

"வேர்வையா?" தலைவர் பூவாளியைக் கீழே வைத்தார். "தம்பி, நம்ம கழகத்துல யாருக்கும் வேர்க்கிறது கிடையாது."

"மிதிச்சா வேர்க்குமேங்க."

"அப்ப மிதிக்காதீங்க."

மெய்ரிக் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. ஆகவே அடுத்த சோதனையில் மிதிக்காமல் உட்கார்ந்தான். நீர் வழிந்தது, அவன் அசையவில்லை. உரித்துப் பார்த்தார்கள். உள்ளும் புறமும் காய்ந்திருந்தான். கூடம் எழுந்து நின்று கைதட்டியது. கம்பளியும் செயற்கை இழையும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

"இதே மாதிரி மலை ஏறுங்க," என்று தலைவர் தழுதழுத்தார்.

"மிதிக்காம எப்படிங்க ஏறுறது?"

"அது ஓட்டுறவங்க பிரச்சினை. எங்க பொறுப்பு உடையோட முடிஞ்சுது."

அப்போதுதான் டெலித்தின் கையில் ஏதோ தட்டுப்பட்டது. மெய்ரிக் நெஞ்சோடு மறைத்து வைத்திருந்த கரண்டி. ஒவ்வொரு மாலையும் உட்கார்ந்து செதுக்கியது. பிடியில் ஓர் இதயம் வெட்டியிருந்தான்; பார்க்கிறவர்களுக்கு உருளைக்கிழங்காகத் தெரிந்தது.

"இது எந்த அடுக்கு?" என்றாள்.

"அடுக்கு இல்லைங்க. கரண்டி."

"உள்ள இருந்துச்சுன்னா அடுக்குதான்," என்று ஏரோன் தட்டிப் பார்த்தான். "மரம். காத்துப் போகாது. இதைத் தோலுக்கும் கம்பளிக்கும் நடுவுல எப்படி அனுமதிக்கிறது?"

நெடிய விவாதத்துக்குப் பின் கரண்டி தற்காலிக அடுக்காக அறிவிக்கப்பட்டது. இறுதி முடிவு ஒத்திவைக்கப்பட்டது. டுவின்வென் நாளன்று கழகத்தின் ஒரே சாவியை மெய்ரிக்கிடம் கொடுத்தார்கள். மேலே கணவாயில் அவனைச் சோதித்துப் பார்க்கக் குழு காட்டிலாகா சாலை வழியாகத் தலைவரின் ஜீப்பில் வரும். அங்கே ஒரு துளி ஈரம் தென்பட்டாலும் சான்றிதழ் ரத்து.

அன்றைக்கு மழை பக்கவாட்டில் பெய்தது. மெய்ரிக் கேட்டைத் திறந்து உள்ளே போனான். மூன்று ஜோடி கையுறை போட்டிருந்ததால் சாவியைத் திருப்பவே பெரும்பாடு. திரும்பப் பூட்டலாம் என்று பார்த்தான், விரல் ஒத்துழைக்கவில்லை, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டான். சைக்கிளில் ஏறினால் முழங்கை மடங்க மறுத்தது. பிரேக் இருந்தது, அதைப் பிடித்திருக்கிறோமா என்பதுதான் தெரியவில்லை. முதல் மேட்டில் மூக்குக்கண்ணாடி பனித்துவிட்டது. இரண்டாவது மேட்டில் கழுத்து வழியே ஆவி பறந்தது. அந்த வழியாக வந்த ஆடு ஒன்று அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. பாதை காட்டிலாகா சாலையை ஒட்டிப் போகிற மூன்றாவது மேட்டில் மெய்ரிக் அப்படியே சாய்ந்து சேற்றில் விழுந்தான். ஏழு அடுக்கு இருந்ததால் வலிக்கவில்லை, எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

மல்லாந்து கிடந்தபடி மழையைப் பார்த்தான். மேலே அவள் கடையைச் சாத்திக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. கிளம்பும்போது உனக்குக் குளிரணும் என்று அவள் சொன்னது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை வாரம் இத்தனை நிபுணர்கள் பேசிப் பேசி அந்த ஒரு வரியை அவன் தலையிலிருந்து துடைத்திருந்தார்கள்.

மெய்ரிக் புரண்டு, வேலியைப் பிடித்து எழுந்து, உரிக்க ஆரம்பித்தான். மழைக்கோட்டின் மழைக்கோட்டு வேலிக் கம்பத்தில் மாட்டப்பட்டது. மழைக்கோட்டு அடுத்த கம்பத்தில். பஞ்சுச் சட்டை ஒரு தேவதாரு மரத்தில். ஏரோனின் கண்ணீர்க் கம்பளி ஒரு பாறைமேல், ஒழுங்காக மடித்து. பிள்ளைகள் பேருந்தில் விட்டுப்போகிற துணிகளை மடித்து மடித்துப் பழகிய கை. செயற்கை இழையும் போயிற்று. கடைசியில் தோலை ஒட்டிய கம்பளியும் காற்றுத் தடுக்கும் மெல்லிய சட்டையும்தான் மிச்சம். மூன்று ஜோடி கையுறையைக் கழற்றிவிட்டு, பாத்திரம் கழுவுகிற மஞ்சள் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டான். காலுறைக்கு மேல் ரொட்டி வருகிற பிளாஸ்டிக் பையை இழுத்துக் கட்டினான். இரண்டும் அவன் வீட்டுச் சமையலறையிலிருந்து யாரிடமும் கேட்காமல் எடுத்து முதுகுப்பையில் போட்டு வந்தவை. சுமை என்று தள்ளுபடியான காய்ந்த சட்டையும் அதே பையில் திருட்டுத்தனமாக இருந்தது.

குளிர் எலும்பில் குத்தியது. அப்படிக் குத்தியதும் சந்தோஷம் தலைக்கேறியது. மிதித்தான். வேர்த்தது, நனைந்தது, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. சேறு வாய்க்குள் போயிற்று. கண்டபடி பாட்டுப் பாடினான். கணவாயில் புகை தெரிந்தது.

நெஸ்டா கதவைத் திறந்து அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். மஞ்சள் கையுறை, ரொட்டிப் பைக் கால்கள், தலையிலிருந்து எழுகிற ஆவி.

"யோவ்! மழையா, வேர்வையா?"

"ரெண்டும்."

"வா உள்ள," என்று சிரித்துக்கொண்டே இழுத்து அடுப்புப் பக்கம் தள்ளினாள். அவன் காய்ந்த சட்டைக்கு மாறினான். பல் தந்தியடிக்கக் கரண்டியை நீட்டினான்.

"என்னய்யா இது, உருளைக்கிழங்கு செதுக்கியிருக்க?"

"இதயம்."

"உன்னுது இப்படித்தான் இருக்கும்," என்றாள். வாங்கிக்கொண்டாள். அதை அவனுடைய தேநீரிலேயே விட்டுக் கலக்கினாள். அவன் கண்ணில் அடுப்பு இரண்டாகத் தெரிந்தது.

வெளியே ஜீப் வந்து நின்றது. பெரிய குடையின் கீழ் தலைவரும், டெலித்தும், ஏரோனும் இறங்கினார்கள். வழியோரக் கம்பங்களில் சேகரித்த அடுக்குகளைச் சாட்சிப் பொருளாகக் கையில் ஏந்தியிருந்தார்கள். சூப் வாசனைக்கு மூவரின் மூக்கும் ஒருசேரத் திரும்பியது. நெஸ்டா வாசலை மறித்து நின்றாள்.

"என்ன வேணும்?"

"சோதனை. அப்புறம் மூணு சூப்," என்றார் தலைவர்.

அவள் டெலித்தின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ஞ்சிருக்கு. நனையாதவங்களுக்கு இங்க ஒண்ணும் கிடையாது. அதான் என் கடைச் சட்டம்."

தலைவர் நிமிர்ந்தார். "அம்மா, நாங்க யாருன்னு தெரியாம பேசுறீங்க. எங்க கழகத்துல பதினோரு குளிர்காலமா ஒருத்தர்கூட நனைஞ்சதில்லை!"

"எப்படி?"

"ஒருத்தரையும் விட்டதில்லையே! சான்றிதழ் கேட்டு வந்தவங்க எத்தனை பேர்! அத்தனை பேரையும் கேட்டுலயே காப்பாத்திட்டோம். நாங்களும் போனதில்லை. பொறுப்புன்னா அதுதாம்மா."

நெஸ்டா திரும்பி அடுப்பின்மேல் கொதிக்கிற சூப்பைப் பார்த்தாள்.

"அப்ப என் சூப்புல குறை இல்லை," என்றாள் மெதுவாக. பிறகு மலையே எதிரொலிக்கிற மாதிரி கத்தினாள். "ஏன்யா, கேட்டைப் பூட்டினது நீங்களா? ஆள் வரலை, ஆள் வரலைன்னு நான் தினம் ஒரு சட்டி சூப்பை ஆட்டுக்கு ஊத்தினேனே! மெய்ரிக், அந்தச் சாவியைக் குடு!"

சாவி சர்க்கரை டப்பாவுக்குள் போயிற்று. டப்பா அவள் கக்கத்துக்குள் போயிற்று. கதவு சாத்தப்பட்டது.

மூவரும் குடையின் கீழ் நின்றார்கள். ஜன்னல் வழியே மெய்ரிக் இரண்டாவது கிண்ணம் குடிப்பது தெரிந்தது. முதலில் போனது டெலித். குடையை விட்டு மழைக்குள் நடந்து, நடுவில் நின்று கைகளை விரித்தாள். அவளுடைய கோட்டு முதல்முதலாக மழையைப் பார்த்தது. தோள் தையலில் உடனே ஒழுகியது.

"ஐயோ, சில்லுனு இருக்கு!" என்று குதித்தாள். "ஏரோன், வாடா இங்க!"

ஏரோன் ஓடினான். இருவரும் சேற்றில் சறுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே சிரித்துக்கொண்டு கிடந்தார்கள். தலைவர் குடையைப் பிடித்தபடி வெகுநேரம் மலையைப் பார்த்தார். உள்ளே யாரோ ரொட்டியை நெருப்பில் வாட்டினார்கள். அந்த மணம் வந்ததும் தலைவர் குடையை மடக்கினார்.

அடுத்த கூட்டத்தில் கழகப் பலகை மாறியது: 'இக்கழகத்தில் ஒருவர்கூடக் காய்ந்ததில்லை.' இப்போது நனைவுச் சான்றிதழ் உண்டு. அதே மேடை, அதே பூவாளி. சரியாகச் சொட்டாதவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். நடைபாதைக்கு இடப்பக்கம் மழைக் கட்சி, வலப்பக்கம் வேர்வைக் கட்சி. கேட்டைப் பூட்டத்தான் சாவி இல்லை. ஆகையால் கூட்டத்துக்குப் போக நேரமில்லாதவர்கள் நேராக மலையேறிவிடுகிறார்கள். மழை ஞாயிறுகளில் நெஸ்டாவின் கடையில் நிற்க இடமில்லை. மெய்ரிக் மஞ்சள் கையுறையோடு பாத்திரம் கழுவுகிறான்.

கழகத்திலிருந்து ஒரு கடிதம் மட்டும் வந்தது. மேற்படி கரண்டி எந்த அடுக்கைச் சேர்ந்தது என்பது இன்னும் நிலுவையில் இருப்பதால் உடனே தெரிவிக்கவும்.

"என்னன்னு எழுதட்டும்?" என்றான் மெய்ரிக்.

நெஸ்டா அந்தக் கரண்டியால்தான் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். "தோலை ஒட்டினதுன்னு எழுது. கம்பளிக்கும் அடியில."

ஈரக் கையுறையோடு எழுதியதால் மை முழுக்கக் கலைந்துவிட்டது. கழகத்தில் ஒருவராலும் அதைப் படிக்க முடியவில்லை. ஆனால் தங்களுக்கு வந்த முதல் நனைந்த கடிதம் என்று கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார்கள். அது காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு குழு இருக்கிறது.